வீட்டுக் கணக்கும் உண்டியல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வரவு செலவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே சில சந்தேகங்கள் மாறாமல் வருகின்றன. வருமானம் போதவில்லை என்பதைவிட, "நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஒரு செலவு வந்து எல்லாவற்றையும் குலைத்துவிட்டது" என்பதுதான் பலருடைய குறை. அப்படிப்பட்ட செலவுகளுக்கென்று தனித்தனியாகப் பணம் எடுத்து வைப்பதையே இங்கே உண்டியல் என்று சொல்கிறேன். அது அலமாரியில் இருக்கும் உறையாகவோ, வங்கியில் தனிக் கணக்காகவோ, நோட்டில் ஒரு பக்கமாகவோ இருக்கலாம்.

கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தந்திருக்கிறேன். உதாரணத் தொகைகள் வெறும் எண்கள்தான். உங்கள் வருமானத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பட்ஜெட் போடணும்னு நினைக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

நடந்து முடிந்த செலவிலிருந்து. பலர் வெள்ளைத்தாளை எடுத்து, அடுத்த மாதம் இவ்வளவுதான் செலவழிப்போம் என்று ஆசைப்பட்ட தொகையை எழுதுகிறார்கள். பத்தாம் தேதிக்குள் அது பொய்த்துவிடும். முதலில் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு, கார்டு கணக்கு, கையில் இருக்கும் ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்து, எது எதற்குப் போனது என்று எழுதுங்கள். முடிந்தால் பன்னிரண்டு மாதக் கணக்கையும் ஒருமுறை மேலோட்டமாகப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள் அதில்தான் தெரியும்.

ஜப்பானியப் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904இல் குடும்பங்களுக்கான கணக்கேடு ஒன்றை வெளியிட்டார். அந்த வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது. அந்த ஏட்டை எழுதுபவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்வது எளிய விஷயங்கள்தான்: கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும், எவ்வளவு செலவாகிறது, எங்கே சரிசெய்யலாம். எந்தச் செயலி வைத்திருந்தாலும் இந்த நான்குக்கும் பதில் தெரியாவிட்டால் பயனில்லை.

2. எத்தனை தலைப்பு வைக்கணும்? எனக்கு முப்பது தலைப்பு வந்துடுச்சு.

பத்துக்குள் அடக்குங்கள். ஒரு தலைப்பில் தொகை கூடினால் நீங்கள் ஏதாவது முடிவை மாற்றுவீர்கள் என்றால் அதற்குத் தனித் தலைப்பு வேண்டும். மாற்றமாட்டீர்கள் என்றால் பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துவிடலாம். சோப்புக்கும் ஷாம்புவுக்கும் தனிப் பத்தி எழுதுகிறவர் இரண்டாவது மாதத்தில் நோட்டை மூடிவிடுவார்.

3. எதிர்பாராத செலவுன்னு சொல்றோம். எதிர்பாராததுக்கு எப்படி முன்கூட்டியே பணம் எடுத்து வைக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன், ஏனென்றால் மற்ற பதில்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. கடந்த ஓராண்டில் உங்களைத் தடுமாற வைத்த செலவுகளைப் பட்டியல் போடுங்கள். காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், வண்டி டயர், பல் வைத்தியம், பழுதான ஃப்ரிட்ஜ், நெருங்கியவர் வீட்டுத் திருமணத்துக்குப் போன பயணம். இவற்றில் உண்மையிலேயே யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாதது எத்தனை? பெரும்பாலான வீடுகளில் ஒன்றோ இரண்டோதான் தேறும்.

மற்றவை எல்லாம் வரும் என்று தெரிந்தவையே. அவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகையில் தேதியும் தொகையும் தெரியும்: காப்பீடு, கட்டணம், வரி. இரண்டாம் வகை நிச்சயம் வரும், எப்போது என்றுதான் தெரியாது: எந்த வாஷிங் மெஷினும் என்றென்றைக்கும் ஓடாது, எந்தக் கண்ணாடியும் அதே பவரில் நிற்காது. மூன்றாம் வகை வரலாம், வராமலே போகலாம்: வேலை போவது, விபத்து, நீண்ட நோய்.

மூன்றுக்கும் கணக்குப் போடும் விதம் வேறு, பணத்தை வைக்கும் இடமும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் கொட்டி 'சேமிப்பு' என்று பெயர் வைக்கிறார்கள். பிறகு டயருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அதிலிருந்து எடுக்கிறார்கள். வேலை போகும் நாளில் அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

4. சரி, தேதி தெரிஞ்ச செலவுக்கு மாசம் எவ்வளவு போடணும்?

தேவையான தொகையிலிருந்து ஏற்கெனவே இருப்பதைக் கழியுங்கள். மீதியை, இன்னும் இருக்கும் மாதங்களால் வகுங்கள். ஓராண்டு கழித்து 12,000 கட்ட வேண்டும் என்றால் மாதம் 1,000. அவ்வளவுதான் சூத்திரம்.

சிக்கல் முதல் சுற்றில் வரும். பள்ளிக் கட்டணம் 18,000, கையில் 2,000, இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது என்றால் மாதம் 4,000 போட வேண்டும். இதைப் பார்த்துவிட்டு "நமக்கு இது ஒத்துவராது" என்று விடுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டணத்தைக் கட்டிய மறுமாதமே கணக்கு மாறிவிடும்: 18,000ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 1,500தான். முதல் ஆண்டு மட்டும்தான் மேடு. அந்த ஓராண்டில் எல்லா உண்டியலையும் ஒரே நேரத்தில் தொடங்காமல், எந்தத் தேதி முதலில் வருகிறதோ அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள்.

5. தேதியே தெரியாத செலவுக்கு எதை வச்சு கணக்குப் போடறது? ஃப்ரிட்ஜ் எப்ப கெடும்னு யாருக்குத் தெரியும்?

உங்கள் ஃப்ரிட்ஜ் எப்போது கெடும் என்று தெரியாது. ஆனால் பொதுவாக ஃப்ரிட்ஜ் பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைக்கும் என்று தெரியுமே. புதிதாக வாங்க ஆகும் தொகையை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்தால், அந்தப் பொருள் ஆண்டுக்கு எவ்வளவு 'தின்கிறது' என்று வந்துவிடும்.

ஒரு வீட்டின் கணக்கு இப்படி இருக்கலாம். ஃப்ரிட்ஜ் 24,000, பன்னிரண்டு ஆண்டு: ஆண்டுக்கு 2,000. வாஷிங் மெஷின் 20,000, பத்து ஆண்டு: இன்னொரு 2,000. ஆளுக்கொரு செல்பேசி, ஒவ்வொன்றும் 12,000, நான்கு ஆண்டு: இரண்டுக்குமாக 6,000. வண்டிப் பழுதும் டயரும் சராசரி 6,000. பல், கண்ணாடி 4,000. குழாய், மின்வயரிங், சின்னச் சின்ன வீட்டு வேலை 4,000. மொத்தம் ஆண்டுக்கு 24,000, அதாவது மாதம் 2,000. எது முதலில் கெடும் என்று தெரியாமலே இந்தத் தொகை கிடைத்துவிட்டது. வீட்டில் இருப்பவை எல்லாம் பழைய சாமான்கள் என்றால் முதல் இரண்டு ஆண்டு சற்றுக் கூடுதலாகப் போடுங்கள்.

6. ஒவ்வொண்ணுக்கும் தனி உண்டியலா? எத்தனை வச்சுக்கலாம்?

ஐந்திலிருந்து ஏழு வரை போதும். பிரிக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. தேதி தெரிந்த செலவுகளைத் தனித்தனியாக வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் தன் நாளில் முழுத் தொகையாக இருந்தே ஆக வேண்டும். தேதி தெரியாதவற்றை எல்லாம் ஒரே உண்டியலில் போடுங்கள். மேலே சொன்ன 2,000 முழுவதும் 'பழுது உண்டியல்' என்ற ஒன்றுக்குள் போகட்டும்.

காரணம் எளிது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வண்டியும் பல்லும் ஒரே ஆண்டில் சேர்ந்து காலை வாருவது அரிது. தனித்தனியாக வைத்தால் ஃப்ரிட்ஜ் உண்டியலில் 3,000, பல் உண்டியலில் 1,500 என்று சிதறிக் கிடக்கும். எது வந்தாலும் அதன் உண்டியல் போதாது. ஒன்றாக வைத்தால் அதே பணம் எது முதலில் வருகிறதோ அதைத் தாங்கும். காப்பீட்டு நிறுவனங்கள் பல பேருடைய ஆபத்தை ஒரே குவியலில் சேர்ப்பதற்கும் இதுதான் அடிப்படை.

7. அவசர நிதின்னு மூணு மாசம், ஆறு மாசம்னு சொல்றாங்களே, அது எதுக்கு? இந்த உண்டியல்கள் போதாதா?

போதாது. அது மேலே சொன்ன மூன்றாம் வகைக்கு, அதாவது வருமானமே நின்றுபோகும் நாளுக்கு. மூன்று மாதம் என்றால் மூன்று மாதச் சம்பளம் என்று பலர் நினைத்து மலைத்துப்போகிறார்கள். கணக்குப் போட வேண்டியது அத்தியாவசியச் செலவை வைத்து: வாடகை அல்லது வீட்டுக்கடன், சாப்பாடு, மருந்து, கரண்ட், போக்குவரத்து, கட்டாயத் தவணைகள், குழந்தைகளின் படிப்பு. வேலை இல்லாத மாதத்தில் செலவழிக்கமாட்டோம் என்பவற்றை அடித்துவிடுங்கள். தொகை கணிசமாகக் குறையும்.

மூன்றா ஆறா என்பது வீட்டைப் பொறுத்தது. இருவர் வெவ்வேறு துறையில் சம்பாதித்தால் மூன்று மாதம் ஓரளவு போதும். ஒருவர் சம்பாத்தியத்தில் நால்வர் இருந்தால், வயதான பெற்றோர் கூட இருந்தால், அல்லது மறுபடி வேலை கிடைக்க நாளாகும் தொழில் என்றால் ஆறுக்கு மேலேயே வேண்டும். முதல் இலக்கு ஒரே ஒரு மாதம். அது கையில் இருந்தாலே சம்பளம் தாமதமாகும் மாதத்தில் யாரிடமும் கைமாற்று கேட்க வேண்டியிருக்காது.

8. காப்பீடு எடுத்திருக்கோமே, அப்புறம் எதுக்கு அவசர நிதி?

காப்பீடு பல நேரம் நீங்கள் கட்டிய பிறகுதான் பணத்தைத் திருப்பித் தரும். சிலவற்றுக்குத் தராது. ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்ற விதியும் பெரும்பாலும் இருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்தவரின் சம்பள இழப்பை மருத்துவக் காப்பீடு ஈடுசெய்யாது.

இதைத் திருப்பியும் சொல்ல வேண்டும். "அவசர நிதி இருக்கிறதே, காப்பீடு எதற்கு" என்பது இதைவிட ஆபத்தான எண்ணம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஒரு குடும்பம் உண்டியலில் சேர்த்து முடிக்காது. தாங்கக்கூடிய செலவுக்கு உண்டியல், தாங்க முடியாததற்குக் காப்பீடு.

9. பணத்தை எங்க வைக்கிறது? சும்மா கிடக்குதேன்னு மனசு அடிச்சுக்குது.

இந்தப் பணத்தின் வேலை வளர்வது அல்ல, கூப்பிட்ட நாளில் வந்து நிற்பது. அதனால் பங்குச் சந்தையில் வைக்காதீர்கள். வேலைகள் போகும் காலமும் சந்தை சரியும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். 2008இல் உலகம் முழுவதும் அதுதான் நடந்தது. பாதி விலைக்கு விற்றுவிட்டு வாடகை கட்ட நேரிடும். ஒரு மாதச் செலவு உடனே எடுக்கும்படி சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை, தேவைப்பட்டால் நடுவில் உடைக்கக்கூடிய வைப்புத்தொகையில் போடலாம். போடுவதற்கு முன், உடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விலைவாசி இந்தப் பணத்தை மெல்லக் கரைக்கும் என்பது உண்மைதான். 72ஐ விலையேற்ற விகிதத்தால் வகுத்தால், பணத்தின் மதிப்பு பாதியாகும் காலம் ஏறக்குறைய வரும்: ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. அதற்கு மருந்து, ஆண்டுக்கு ஒருமுறை இலக்குத் தொகைகளைத் திருத்துவது. இன்று 24,000 என்று எழுதிய ஃப்ரிட்ஜ், அதே விகிதத்தில் ஐந்து ஆண்டில் 32,000ஐத் தொடும்.

10. ஒரே அக்கவுண்ட்ல வச்சுட்டு நோட்டுல பிரிச்சு எழுதினா போதாதா?

கணக்குப்படி போதும், பணத்துக்குப் பெயர் கிடையாது. ஆனால் மனிதர்கள் பணத்துக்குப் பெயர் வைத்துத்தான் செலவழிக்கிறார்கள். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய கட்டுரையில் இந்த மனக்கணக்கை விரிவாக ஆராய்ந்தார். மனித நடத்தையைப் பொருளியலோடு சேர்த்துப் பார்த்த அவருடைய பணிகளுக்காக 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. 'பள்ளிக் கட்டணம்' என்று எழுதிய உறையில் கைவைக்கத் தயங்குகிறவரே, கணக்கில் மொத்தமாக 80,000 தெரியும்போது தாராளமாகிவிடுகிறார். அந்த எண்பதில் அறுபது ஏற்கெனவே வேறு வேலைக்கு வாக்களிக்கப்பட்டது என்பது திரையில் தெரியாது.

எனவே அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு, எல்லா உண்டியலுக்கும் சேர்த்து இன்னொரு கணக்கு என்று இரண்டு வையுங்கள். இரண்டாவதற்குக் கார்டு வேண்டாம். அதற்குள் இருக்கும் பிரிவினை நோட்டிலேயே இருக்கலாம். மாதம் ஒருமுறை நோட்டின் கூட்டுத்தொகையும் வங்கி இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். ஏழு கணக்கு திறந்து, ஏழிலும் குறைந்தபட்ச இருப்புக்குப் பணத்தை முடக்க வேண்டியதில்லை.

11. சம்பளத்தை 50-30-20னு பிரிக்கணும்னு சொல்றாங்க. அது சரிதானா?

தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கும் கடனுக்கும் 20 என்ற இந்த விகிதத்தை அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமீலியா வாரன் டியாகியும் 2005இல் பரவலாக்கினார்கள். உங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இல் குடும்பச் செலவுகளை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்: வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது. இன்றுவரை நாடு நாடாக அது பொருந்துகிறது. குறைந்த வருமானத்தில் தேவைகளே எழுபது எண்பது சதவீதம் ஆகும் குடும்பத்திடம் "ஐம்பதுக்குள் அடக்கு" என்பது நியாயமில்லை. அந்த வீடு ஊதாரித்தனமாக இல்லை, வருமானம்தான் குறைவு. விகிதத்தை விட்டுவிட்டு, 4, 5ஆம் பதில்களில் வந்த உங்கள் சொந்த எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

12. மாசக் கடைசியில ஒண்ணுமே மிஞ்சறதில்ல. எதைப் போடறது உண்டியல்ல?

மிஞ்சுவதைப் போடுவது என்று வைத்தால் எந்த வருமானத்திலும் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே, அல்லது மறுநாளே, உண்டியல் பங்கு தானாக மாறிப்போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். சிறு தொகையாக இருந்தாலும் சரி. மாதம் முழுவதும் மீதியில் ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் மாதாமாதம் துண்டு விழுகிறது என்றால் சில்லறைச் செலவுகளை விரட்டிக்கொண்டு வீட்டில் எல்லோரையும் நோகடிக்க வேண்டாம். மாதாமாதம் தானாகக் கழியும் பெரிய தொகைகளைப் பாருங்கள்: வாடகை, வண்டிக் கடன், மறந்துபோன சந்தாக்கள், தேவைக்கு மேற்பட்ட திட்டங்கள். இவற்றில் ஒரு முடிவு எடுத்தால் அது ஒவ்வொரு மாதமும் மிச்சம் தரும். அதுவும் சுருக்கிய பிறகும் போதவில்லை என்றால் கேள்வி வருமானத்தைக் கூட்டுவது பற்றியது, பட்ஜெட்டால் அதைத் தீர்க்க முடியாது. அதுவரை ஒரே ஒரு உண்டியல் போதும்: அடுத்து வரப்போகும் பெரிய செலவுக்கு.

13. கடன் இருக்கு. முதல்ல கடனை அடைக்கவா, உண்டியல்ல போடவா?

என்ன கடன் என்பதைப் பொறுத்தது. மாதம் 3 சதவீதம் வட்டி என்று ஒரு கிரெடிட் கார்டு சொன்னால், வட்டிமேல் வட்டியாக அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். 20,000ஐ அப்படியே விட்டால் ஓராண்டில் 28,500 ஆகிவிடும், தாமதக் கட்டணம் தனி. எந்தச் சேமிப்பும் இந்த வேகத்தில் வளராது. அதனால் அதை முதலில் அடையுங்கள்.

ஆனால் உண்டியலைப் பூஜ்யமாக்கிவிட்டு அடைக்காதீர்கள். கையில் ஒன்றும் இல்லாமல் கடனை மட்டும் குறைத்துக்கொண்டு வருபவருக்கு நடுவில் வண்டி பழுதாகும், அதே கார்டைத் திரும்பத் தேய்க்க நேரிடும், மனம் விட்டுப்போகும். நடுத்தரமான ஒரு பழுதைத் தாங்கும் அளவு பணம் முதலில், பிறகு முழு வேகத்தில் கடன், அதன்பின் மற்ற உண்டியல்கள். வீட்டுக்கடன் போன்ற குறைந்த வட்டி நீண்டகாலக் கடனுக்கு இந்த அவசரம் இல்லை, தவணை ஒருபக்கம் ஓடட்டும், உண்டியல் மறுபக்கம் நிறையட்டும்.

14. எனக்கு மாசச் சம்பளம் கிடையாது. ஒரு மாசம் கொட்டும், ஒரு மாசம் காயும். எனக்கு இதெல்லாம் எப்படி?

உங்களுக்குத்தான் இது அதிகம் உதவும். வருமானத்துக்கென்றே ஒரு உண்டியல் வையுங்கள், 'சமன் உண்டியல்' என்று சொல்லலாம். வருவது எல்லாம் அதில் விழட்டும். மாதம் ஒரு நிலையான தொகையை அதிலிருந்து உங்களுக்கு நீங்களே சம்பளமாகக் கொடுங்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 30,000, அதிகம் 70,000, சராசரி 48,000, அத்தியாவசியச் செலவு 35,000 என்றால் சம்பளம் 40,000 வைக்கலாம். 70,000 வந்த மாதம் 30,000 அங்கேயே தங்கும், 30,000 வந்த மாதம் 10,000 அங்கிருந்து வரும்.

சம்பளத்தைச் சராசரிக்குக் கீழே வைப்பது முக்கியம். தொடங்கும்போது சமன் உண்டியல் காலியாக இருப்பதால், நல்ல மாதத்தில் தொடங்குங்கள். காய்ந்த மாதத்தில்தான் தொடங்க முடியும் என்றால் சில மாதங்கள் அத்தியாவசியத்தோடு ஓட்ட வேண்டியிருக்கும். வரி கட்ட வேண்டிய தொகையைச் சமன் உண்டியலிலேயே விடாதீர்கள், அது உங்கள் பணம் அல்ல, வந்த அன்றே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

15. என் வீட்டுக்காரருக்கு எல்லாமே அவசரம்தான். எது அவசரம்னு யார் முடிவு பண்றது?

அவசரம் வராத நாளில் இருவரும் சேர்ந்து முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். வந்த நாளில் பேசினால் எல்லாமே அவசரமாகத்தான் தெரியும், அது யாருடைய குணக்கேடும் அல்ல. நான் சொல்லும் அளவுகோல் இரண்டு: இந்த மாதம் செய்யாவிட்டால் உடல்நலமோ, வீட்டின் பாதுகாப்போ, சம்பாத்தியமோ கெடுமா? தள்ளிப்போட்டால் செலவு பெருகுமா? கூரை ஒழுகல் இரண்டாவதில் வரும். சலுகை விலையில் வரும் டிவி இரண்டிலும் வராது.

கூடவே ஒருவரையொருவர் கேட்காமல் செலவழிக்கக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். ஆளுக்கொரு சொந்த உண்டியலும் வேண்டும், இருவருக்கும் ஒரே அளவு, அதில் போனதற்குக் கணக்கு கேட்கக்கூடாது. ஒருவர் மிச்சம்பிடிப்பவராகவும் மற்றவர் செலவாளியாகவும் இருக்கும் வீட்டில் பாதிச் சண்டையை இது நிறுத்தும். வருமானம் இல்லாத துணைக்கும் அதே அளவு கொடுங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். வீட்டை நடத்துவதும் உழைப்புதான்.

16. ஒரு உண்டியல் காலியாச்சுன்னா இன்னொண்ணுலேர்ந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், எழுதிவிட்டு. அரசுகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. பிரிட்டனில் நாட்டின் கடனை அடைப்பதற்கென்றே தனி நிதி ஒன்று 1717இல் ஏற்பட்டது, அதன் திட்டத்தை வகுத்தவர் ராபர்ட் வால்போல். அதே வால்போல் பிரதமராக இருந்தபோது, 1733இல், நிலவரியைக் கூட்டாமல் இருக்க அந்த நிதியிலிருந்து 5 லட்சம் பவுண்டை நடப்புச் செலவுக்கு எடுத்தார். அதன்பிறகு அந்த நிதி மீண்டும் மீண்டும் அதேபோல எடுக்கப்பட்டது. நல்ல காரணம் எப்போதும் கிடைக்கும், அதுதான் இதில் ஆபத்து.

வீட்டுக்கு நான் வைக்கும் விதி: பழுது உண்டியலிலிருந்தும் சுற்றுலா உண்டியலிலிருந்தும் கடன் வாங்கலாம். மூன்று மாதத்துக்குள் தேதி வரும் உண்டியலைத் தொடக்கூடாது. எடுத்த தொகையையும் எந்த மாதம் திரும்ப வைக்கப்போகிறோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். ஒரே உண்டியல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கடன் கேட்டால், அதற்கு நீங்கள் ஒதுக்கும் மாதத் தொகை குறைவு. அதைக் கூட்டுங்கள்.

17. உறவுக்காரங்க கடன் கேக்கறாங்க. உண்டியல்ல பணம் இருக்கே, இல்லன்னு எப்படிச் சொல்றது?

உதவிக்கென்று சிறிதாக ஓர் உண்டியல் வையுங்கள். கேட்பவருக்கு அதில் இருப்பதைக் கொடுங்கள், திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகை என்று நினைத்துக் கொடுங்கள். அதற்குமேல் கேட்டால் "எடுத்துவைத்தது இவ்வளவுதான்" என்று சொல்லலாம், அது பொய்யே அல்ல. பள்ளிக் கட்டணத்துக்கு இருக்கும் பணம், நீங்கள் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய பணம்.

18. ஒரு உண்டியல் நிரம்பிடுச்சு. தொடர்ந்து போட்டுக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம், உச்ச அளவு வையுங்கள். பழுது உண்டியலுக்கு, வீட்டிலேயே விலை அதிகமான இரண்டு சாமான்களைச் சேர்த்து வாங்கும் தொகை போதும். 5ஆம் பதிலின் வீட்டுக்கு அது 44,000. அதைத் தொட்டதும் மாதம் போகும் 2,000ஐ அவசர நிதிக்குத் திருப்புங்கள், அதுவும் நிறைந்திருந்தால் நீண்டகால முதலீட்டுக்கு. சந்தை பற்றி 9ஆம் பதிலில் சொன்ன எச்சரிக்கை இந்தக் கூடுதல் பணத்துக்குப் பொருந்தாது.

19. பெரிய செலவு வந்து எல்லா உண்டியலும் காலி. திரும்ப எங்கிருந்து தொடங்கறது?

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: உண்டியல் காலியானதால் முறை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பணம் அந்த நாளுக்காகத்தான் இருந்தது. அதே செலவு கடனாக வந்திருந்தால் இன்று வட்டியும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நிரப்பும் வரிசை இது. அடுத்த மூன்று மாதத்தில் தேதி வரும் கட்டணங்கள் முதலில். பிறகு ஒரு மாத அத்தியாவசியச் செலவு. பிறகு பழுது உண்டியல் பாதிவரை. அதன்பின் அவசர நிதியை அதன் முழு அளவுக்கு. சுற்றுலா, புதுச் சாமான் எல்லாம் கடைசியில். சொந்த உண்டியல்களை மட்டும் முழுக்க நிறுத்தாதீர்கள், பாதியாகக் குறையுங்கள். கஷ்டமான மாதங்களில் ஆளுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இல்லாவிட்டால் திட்டத்தையே வீட்டார் வெறுத்துவிடுவார்கள்.

20. ஒரு வருஷம் ஒழுங்கா எழுதினேன். ஆனா நான் போட்ட கணக்கும் நடந்த செலவும் ஒத்தே வரல. நான் எங்க தப்பு பண்றேன்?

பெரும்பாலும் எங்கும் இல்லை. மனிதர்கள் தங்கள் திட்டங்களுக்கு ஆகும் காலத்தையும் செலவையும் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று மனத்தில் ஒரு காட்சியை வைத்துக்கொண்டு தொகை போடுகிறோம், அதுதான் காரணம். அவர்கள் சொன்ன வழியும் வீட்டுக்குப் பொருந்தும்: இந்த முறை எவ்வளவு ஆகும் என்று யோசிக்காமல், இதேபோன்ற செலவு முன்பு எவ்வளவு ஆனது என்று பாருங்கள். உங்கள் கையில் இப்போது ஓராண்டுக் கணக்கு இருக்கிறது, முதல் ஆண்டில் அது இல்லை.

ஒவ்வொரு உண்டியலுக்கும் போட்டதையும் ஆனதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கூடுதலாக ஆனவற்றில் நடந்த தொகையையே அடுத்த ஆண்டின் இலக்காக்குங்கள், அதோடு விலையேற்றத்துக்குக் கொஞ்சம். ஒருமுறை மட்டுமே நடந்த பெரிய செலவைச் சராசரியில் சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள். எந்தத் தலைப்பிலும் அடங்காமல் போனவற்றைக் கூட்டினால் ஒரு தொகை வரும், அதைப் பன்னிரண்டால் வகுத்து 'மற்றவை' என்று மாதாமாதம் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலும் முழுக்க ஒத்துவராது. வித்தியாசம் குறைந்திருக்கும், மூன்றாம் ஆண்டில் இன்னும் குறையும்.